விடியலின் மஞ்சள்

ஆற்று நடுவே ஒரு நாணல் திட்டு. பனி இறங்கிவிட்டால் கரை எது, தண்ணீர் எது என்று தெரியாது. நாம் நிற்கிறோமா மிதக்கிறோமா என்றே சந்தேகம் வந்துவிடும்.

அங்கே குடிசை போட்டிருந்தாள் மங்கைநல்லாள் என்ற துறவி. அவளிடம் பாடம் கேட்க வந்தவரோ அவளைவிட மூத்தவர், தலையெல்லாம் நரைத்த மாசிலாமணிப் புலவர். ஏறாத சபை இல்லை, வாங்காத பட்டு இல்லை.

"என் பாட்டில் எல்லாம் இருக்கிறது தாயே. உயிர்தான் இல்லை" என்று வந்து நின்றார்.

துறவி ஒரு பயிற்சி சொன்னாள். "தினமும் விடிஞ்சதும், உமக்கு நல்லது செஞ்ச ஒண்ணை நினைச்சு மூணு வரி எழுதும். நன்றிங்கிற சொல் மட்டும் அதுல வரக்கூடாது."

அட, இவ்வளவுதானா! புலவர் வெளுத்து வாங்கினார். மழைக்கு எழுதினார், நிழலுக்கு எழுதினார், ஓலை தந்த பனைமரத்துக்கும் கையிலிருந்த எழுத்தாணிக்கும்கூட எழுதினார். துறவி கண்ணை மூடிக் கேட்பாள். "நாளைக்கும் எழுதும்" என்பாள். அதோடு சரி.

அமாவாசைக்கு அமாவாசை புலவரின் மனைவி செங்கமலம் ஓடமேறி வந்து, எழுத ஓலைக்கட்டு கொடுத்துவிட்டுப் போவாள். அன்றும் விடிகாலையில் வந்தாள். புலவர் கிழக்கே பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"இதுதான் கடைசிக் கட்டு. நான் எங்க அண்ணன் வீட்டோட போயிடறேன். இனி வரமாட்டேன்."

"ம். வை" என்றார் புலவர். அவருக்கு அப்போதுதான் முதல் வரி பிடிபட்டுக்கொண்டிருந்தது.

செங்கமலம் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு பனிக்குள் இறங்கி ஓடத்துறைக்கு நடந்தாள்.

புலவர் பனியில் நனைந்திருந்த கட்டைப் பிரித்து ஓர் ஏட்டை உருவினார். எழுதி முடித்துப் பார்த்தால் விரல் நுனியெல்லாம் மஞ்சள்! ஏடும் கட்டுமாகக் குழந்தைபோலக் குடிசைக்கு ஓடினார்.

"தாயே, இன்றைக்கு வந்துவிட்டது, கேளுங்கள்!

விடியலே,
நான் கேளாமலே என் விரல்களில்
உன் மஞ்சளைப் பூசிவிட்டுப் போனாயே!"

துறவி வாய்விட்டுச் சிரித்தாள்.

"அந்த விரலைக் கொஞ்சம் மோந்து பாரும், புலவரே."

மோந்தார். பச்சை மஞ்சள் வாசனை. விடியலுக்கு ஏது மஞ்சள் வாசனை?

ஓலையை வேகவைத்து, நிழலில் உலர்த்தி, பூச்சி அரிக்காமலிருக்க மஞ்சளை அரைத்துத் தேய்க்கும் இரண்டு கைகள் நினைவுக்கு வந்தன. கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கைகள் வெளுத்து அவர் பார்த்ததில்லை. ஒருமுறை சபை வாசலில் நாலுபேர் முன்னால், "கையைக் கழுவிவிட்டு வரக்கூடாதா?" என்று சீறியிருக்கிறார்.

"சற்றுமுன் அவள் ஏதோ சொன்னாளே... என்ன சொன்னாள்?"

புலவருக்கே ஒவ்வொரு சொல்லாகத் திரும்பி வந்தது.

"கடைசிக் கட்டு என்றாள் தாயே! போகிறேன் என்றாள். நான் 'வை' என்றேன். பாவி நான்!" ஓலைக்கட்டிலிருந்து இன்னோர் ஏட்டை உருவினார். "இதோ, அவளுக்கு எழுதுகிறேன். இதுவரை நான் எழுதாத மாதிரி எழுதுகிறேன்."

"எழுதும். யார் படிப்பா?"

"அவள்தான்..." என்று தொடங்கிய புலவர் அப்படியே நின்றார். செங்கமலத்துக்கு எழுத்துத் தெரியாது. அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவரும் அவர்தான்.

"அப்போ நான் என்ன செய்வேன்?"

துறவி அவர் கையிலிருந்த எழுத்தாணியை வாங்கிக் கூரையில் செருகினாள்.

"பனி விலகுது. ஓடக்காரர் கிளம்பிடுவார்."

புலவர் ஓடினார். நாணல் கிழித்தது, மேல்துண்டு எங்கோ விழுந்தது. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, நகரத் தொடங்கிய ஓடத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

செங்கமலம் பதறிப்போனாள். "என்னங்க? ஏடு பத்தலையா?"

பாட்டாகப் பொழிந்த வாய்க்கு ஒரு வார்த்தை வரவில்லை. அவள் கைகள் இரண்டையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவர் முகமெல்லாம் மஞ்சளானது.

"ஐயோ, விடுங்க! ஓடக்காரர் பாக்குறார்."

அவர் விடவில்லை.

ஓடக்காரர் துடுப்பை நிறுத்தினார். "ஐயா ஏறுறாரா, இல்லையாம்மா?"

செங்கமலம் புலவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.