வயிரி காத்த ஆணை

மேற்குச் சரகக் காட்டில் காட்டுப்பன்றிகள் கரிமூட்டம் போட்டு வாழ்ந்தன. விறகை அடுக்கி, மண்ணால் மூடி, உள்ளே தீயைப் புழுங்கவைத்துக் கரி எடுப்பது அவற்றின் வேலை. மூட்டங்களின் சொந்தக்காரன் மண்டன் என்னும் கரடி.

அந்தக் காட்டில் மழை பிடித்தால் நாற்பது நாள் வெயில் முகம் காட்டாது. ஈரத் தானியம் இரண்டே நாளில் பூசணம் பிடிக்கும். ஆகவே எல்லா விலங்குகளும் கரி நெருப்பில்தான் தானியத்தை உலர்த்தின. காடு உண்டது, பன்றிகள் இருமின.

வயிரி என்ற பன்றிக்கு மூன்று குட்டிகள் பிறந்தன. இரண்டைப் புகை கொண்டுபோயிற்று. எஞ்சியவள் மொட்டு. அவளும் இருமத் தொடங்கியிருந்தாள்.

காடு முழுவதற்கும் ஒரு சிங்கம் அரசனாக இருந்தது. ஆனால் சரகத்துக் காரியங்களைச் சரகத்தின் அவையே கவனித்தது. அதன் தலைவி பேரிலை என்னும் யானை. ஒரு கோடையில் அவள் அவையைக் கூட்டி ஆணையிட்டாள்.

“இனி இந்தச் சரகத்தில் கரிமூட்டம் இல்லை! ஓடையில் ஒரு நீர்ச்சக்கரம் அமைப்போம். அது சுழன்றால், அதனுடன் பிணைத்த பனையோலை விசிறிகளும் சுழலும். அந்தக் காற்றில் தானியம் உலரும். மூட்டத்தில் உழைத்தவர்களுக்கே சக்கரத்தில் வேலை. அது சுழலும் வரை அவர்கள் குடும்பத்துக்குப் பொதுத் தானியக் குதிரிலிருந்து நாள்தோறும் இரண்டு படி வரகு!”

நல்ல ஆணை. பன்றிகள் அதை நம்பி அன்றே மூட்டங்களை அணைத்தன.

மறுநாள் வயிரி பொதுக் குதிருக்குப் போனாள். அங்கே ஒரு கொக்கு ஒற்றைக் காலில் நின்று அலுவல் பார்த்தது.

“பெயர்?” என்றது கொக்கு.

“வயிரி. என்னைத் தெரியாதா? இருவரும் ஒரே ஓடையில்தானே தண்ணீர் குடிக்கிறோம்!”

“தெரிந்தாலும் கேட்பதுதான் முறை. உன் பெயர் வேலைப் பட்டியலில் இருக்கிறது. வேலை உள்ளவர்களுக்கு வரகு இல்லை!”

“வேலை இன்னும் தரவில்லையே!”

“பட்டியலில் தந்தாயிற்று. அடுத்தவர் வரலாம்!”

வயிரி ஓடைக்குப் போனாள். சக்கரம் அமைக்கும் பொறுப்பு தோகையன் என்னும் மயில் மந்திரியிடம் இருந்தது. அங்கே காட்டுக்கோழிகள் கூட்டமாக நின்று சக்கரத்துக்குப் பூச்சூட்டிக்கொண்டிருந்தன.

“மந்திரியாரே, வேலைக்கு வந்திருக்கிறேன்.”

“உன் பெயர் வரகுப் பட்டியலில் இருக்கிறது. உதவி பெறுபவர்களுக்கு வேலை இல்லை. இரண்டு கையாலும் வாங்கப் பார்க்கிறாயே, பேராசைக்காரி!”

“எனக்குக் கையே இல்லை, மந்திரியாரே. இருக்கிற வாயிலும் ஒன்றும் விழவில்லை! இந்தக் கோழிகள் எந்த மூட்டத்தில் உழைத்தன?”

“இவர்கள் என் சிற்றப்பன் மக்கள். அழகுணர்ச்சி உள்ளவர்கள்!”

வயிரி சக்கரத்தைப் பார்த்தாள். அது நின்ற இடத்தையும் பார்த்தாள்.

“இந்த இடத்தை யார் தேர்ந்தெடுத்தார்கள்?”

“நானேதான்! உயரமான மரத்தில் அமர்ந்து ஓடை முழுவதையும் நோக்கினேன். இங்கேதான் நீர் மிக அகலமாக, வெள்ளித் தகடு போல மின்னுகிறது.”

“இறங்கிப் பார்த்தீர்களா?”

“இறங்கினால் தோகை நனையாதா? சேற்றில் புரளும் பன்றி எனக்கு நீரைப் பற்றிச் சொல்ல வந்துவிட்டாள்! போ, போ!”

நாட்கள் சென்றன. பன்றிகள் காய்ந்த மண்ணைக் கிளறிக் கிழங்குத் தோலைத் தின்றன. மொட்டின் விலா எலும்புகள் தெரிந்தன. சமயம் பார்த்துக் காத்திருந்த மண்டன் கரடி ஒரு காலையில் அசைந்து அசைந்து வந்தான்.

“என்ன வயிரி, அவையின் வரகு மிகவும் ருசியாக இருக்கிறதா?” என்று இளித்தான். “அவர்கள் பேசுவார்கள்; நான் சோறு போடுவேன். மூட்டத்துக்குத் திரும்பு. நாளுக்கு மூன்று படி!”

மற்றப் பன்றிகள் தலையை நிமிர்த்தின. “மூன்று படியாம், அக்கா!” என்றது ஒன்று.

“கேட்டது. உன் புகை என் இரண்டு பிள்ளைகளை விழுங்கியபோது எத்தனை படி போட்டாய், மண்டா?”

“புகை என்றால் நாலு பேர் இருமத்தான் செய்வார்கள். அதற்கு நான் என்ன செய்ய?”

“நீ ஒன்றும் செய்ய வேண்டாம். உன் மூட்டத்துக்கு நானும் வரமாட்டேன், இவர்களையும் வரவிடமாட்டேன்.”

“பட்டினி உன்னை என் வாசலுக்குக் கொண்டுவரும்!”

“என் உடலைக் கொண்டுவரலாம். அது விறகு அடுக்காது!”

மண்டன் உறுமிக்கொண்டு போனான்.

மழைக்குப் பத்து நாள் இருந்தபோது தொடக்க விழா நடந்தது. காடே திரண்டது. பேரிலை நடுவில் நின்றாள். தோகையன் பாறை மேல் ஏறித் தோகையை விரித்தான்.

“அவையோரே! மூட்டத்தில் வாடிய அறுபது பேருக்கு வேலை! அறுபது குடும்பங்களுக்கு வரகு! இதோ, புகையில்லாப் புதுயுகம்! சுழலட்டும் சக்கரம்!”

மைனாக்கள் பாடின. மடை திறந்தது. சக்கரம் சுழலவில்லை.

“சுழலட்டும் சக்கரம்!” என்று தோகையன் மீண்டும் கூவினான். பின்புறம் ஒளிந்திருந்த எட்டுக் காட்டுக்கோழிகள் முக்கி முனகிச் சக்கரத்தைத் தள்ளின. அது கால் சுற்றுச் சுற்றி நின்றது. ஒரு கோழி பூமாலையோடு நீரில் விழுந்து எழுந்து நடந்தே கரையேறியது.

அந்த இடத்தில் வயிரி ஓடைக்குள் இறங்கினாள். நடு ஓடை வரை போய் நின்றாள்.

“எல்லோரும் பாருங்கள்! மந்திரியார் கண்ட பெரு வெள்ளம் என் வயிற்றைக்கூட நனைக்கவில்லை. அகலமாகப் பரந்த நீர் மேலிருந்து பார்த்தால் மின்னும். இறங்கிப் பார்த்தால் நகராது. அந்த அறுபது பேரில் நானும் ஒருத்தி. வேலை கேட்டால் வரகு பெறுகிறாய் என்றார்கள். வரகு கேட்டால் வேலை பெற்றாய் என்றார்கள். பெற்றது ஒன்றுமில்லை!”

கூட்டம் கொந்தளித்தது. மண்டன் அதற்காகவே காத்திருந்தான்.

“சக்கரம் பொய்! பத்து நாளில் மழை! உங்கள் தானியம் அழுகப்போகிறது! மூட்டத்தைத் திறக்கச் சொல்லுங்கள்!”

“மூட்டத்தைத் திற!” என்று மான்களும் முயல்களும் கத்தின.

பேரிலை கத்தும் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தாள். பிறகு தாழ்ந்த குரலில், “காடு பட்டினி கிடக்கக் கூடாது. இந்த ஓர் ஆண்டு மட்டும் மூட்டத்தைத் திறக்கலாம்” என்றாள்.

“முடியாது!” என்றாள் வயிரி.

“தலைவியையா எதிர்த்துப் பேசுகிறாய்?” என்று தோகையன் கீச்சிட்டான்.

“ஆம், தலைவியைத்தான்.” வயிரி கரையேறி, மூட்டங்களுக்குச் செல்லும் வழியை மறித்து நின்றாள்.

“வயிரி,” என்றாள் பேரிலை, “ஆணையிட்டவள் நான். அதை நிறுத்திவைக்கும் உரிமையும் எனக்கு உண்டு.”

“இடும் வரை அது உங்களுடையது, தாயே. இட்ட பிறகு எங்களுடையது. அதை நம்பித்தான் தீயை அணைத்தோம். அதை நம்பித்தான் கிழங்குத் தோலைத் தின்று உயிர் வைத்திருக்கிறோம். ஓர் ஆண்டு மட்டும் என்கிறீர்கள். என் மகள் இன்னோர் ஆண்டுப் புகையைத் தாங்கமாட்டாள். மூட்டத்துக்குத் தீ கொண்டு வருகிறவர் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும்; அது நீங்களாகவே இருந்தாலும் சரி!”

ஒரு பன்றி வந்து வயிரியின் பக்கத்தில் நின்றது. பிறகு ஒன்று. பிறகு அறுபதும் நின்றன. யானை கால் எடுத்து வைத்தால் அவற்றில் பாதி நசுங்கியிருக்கும். ஒன்றும் நகரவில்லை.

பேரிலை கேட்டாள்: “அப்படியானால் தானியம் எப்படி உலரும்?”

“சக்கரத்தில்தான். சக்கரத்தில் குற்றமில்லை, வைத்த இடத்தில்தான் குற்றம். என்னோடு நடந்து வாருங்கள். பறந்து வருபவர்களுக்கு அந்த இடம் தெரியாது.”

வயிரி முன்னே நடந்தாள். ஓடையின் மேற்பகுதியில் தாழைப் புதர் அடர்ந்து மூடியிருந்தது. அதனுள் இரண்டு பாறைகளுக்கு நடுவே, ஒரு மான் தாண்டிவிடும் அகலத்தில், நீர் கறுத்துச் சீறிக்கொண்டு இறங்கியது. பேரிலை துதிக்கையை உள்ளே விட்டாள். நீர் அதைப் பற்றி இழுத்தது.

“கோடையிலும் இப்படித்தானா?”

“நாங்கள் பிறந்ததிலிருந்து இப்படித்தான்.”

“இங்கே மேடை போட இடமே இல்லையே!” என்று தோகையன் கலங்கினான்.

“எத்தனை நாளில் முடிப்பீர்கள்?” என்றாள் பேரிலை.

“மூக்கால் மண் தோண்டி வாய்க்கால் வெட்டுவதில் எங்களுக்கு நிகர் யாரும் இல்லை. ஒன்பது நாள் போதும். ஆனால் வெறும் வயிற்றோடு ஒரு பிடி மண்ணும் அள்ளமாட்டோம். முதலில் வரகு. வேலை தந்ததால் வரகு நிற்கக் கூடாது. விசிறி சுழலும் வரை இரண்டும் வேண்டும். ஆணையில் அப்படித்தான் இருக்கிறது.”

“முறைப்படி இரண்டையும் தர முடியாது!” என்றது கொக்கு.

“எந்த முறை? யார் வகுத்தது?” பேரிலையின் காதுகள் விரிந்தன.

கொக்கு காலை மாற்றி நின்றது. “நானும் மந்திரியாரும்தான். ஒருவர் பெயர் இரண்டு பட்டியலில் வந்தால் பார்ப்பதற்கு நன்றாக இராது என்று...”

“குதிரின் கதவைத் திற!” என்று பேரிலை பிளிறினாள்.

பன்றிகள் அன்றே உண்டன. அன்றே தோண்டத் தொடங்கின. பேரிலை தானே சக்கரத்தைத் தூக்கி வந்தாள். தோகையனின் மந்திரிப் பதவி போயிற்று. ஓடை முழுவதையும் காலால் நடந்து அளந்து சொன்ன பிறகே அவனுக்கு அவையில் இடம் என்று தலைவி கூறிவிட்டாள். அவன் முதல் வளைவிலேயே நின்றுகொண்டு தோகையைப் பிழிந்தான்.

ஒன்பதாம் நாள் பாட்டும் மாலையும் இல்லாமல் மடை திறந்தது. சக்கரம் ஒருமுறை முனகியது. பிறகு நிற்காமல் சுழன்றது. பனையோலை விசிறிகள் படபடத்தன. மறுநாள் மழை பிடித்துக்கொண்டது.

மழையின் ஐந்தாம் நாள் மண்டன் நனைந்த இலுப்பைப் பூக்களை ஒரு கூடை நிறையச் சுமந்து வந்தான்.

“வயிரி, இதைக் கொஞ்சம் முதலில் உலர்த்திக் கொடேன்!”

“வரிசையில் முயலுக்குப் பின்னால் நில்,” என்றாள் வயிரி.

மொட்டின் இருமல் உடனே நின்றுவிடவில்லை. நெஞ்சில் படிந்த புகை இறங்கப் பல மாதங்கள் ஆயின. ஆனால் அந்த மழைக்காலத்தில் மேற்குச் சரகத்தில் எந்தப் பன்றிக்குட்டியும் சாகவில்லை.

ஆள்வோர் தந்த நல்வாக்கை ஆள்வோரே கைவிட நேர்ந்தாலும், அதற்கு உரியவர்கள் தலைவணங்காமல் நின்று அதை நிறைவேற்றிக்கொள்ள வேண்டும்.