ஓடையை மூடிய வலை

தென்காசிக்கு மேற்கே, மலை இறங்கி வரும் இடத்தில், ஒரு ஓடைக்கரையில் ஆவுடையம்மை என்ற துறவி இருந்தாள். இரண்டு ஓட்டுக் கொட்டகைகளும் ஒரு அடுப்படியும்தான் அவளுடைய ஆசிரமம்.

அவளிடம் மாணவராக வந்து சேர்ந்த மாசிலாமணி அவளைவிட வயதில் மூத்தவர். கல்லூரியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு ஒரு வாரம் தங்கிப் போகலாம் என்று வந்தவர் அப்படியே இருந்துவிட்டார்.

ஒரு மாலை அவர் கேட்டார்.

"அம்மை, தண்ணிக்குள்ள பிறக்கிற பூச்சி இறக்கை முளைச்சு வெளிய வருது. அதைக் கரையில இருக்கிறது எல்லாம் தின்னுது. ஓடையோட சோறு கரையில எதுவரைக்கும் போகும்?"

ஆவுடையம்மை எழுந்தாள். அவரைக் கூட்டிக்கொண்டுபோய் ஓடை நடுவிலிருந்த பாறையில் உட்காரவைத்தாள்.

வெளிச்சம் குறைந்தது. நீரின் மேல்தோலைக் கிழித்துக்கொண்டு மெல்லிய பூச்சிகள் எழும்பத் தொடங்கின. ஒன்று பறந்து, கரைச்செடியில் சிலந்தி கட்டியிருந்த நூலில் ஒட்டிக்கொண்டது. சிலந்தி இறங்கி வந்தது. அது பூச்சியைத் தொடுவதற்குள் ஒரு கருநீலக் குருவி பாய்ந்து சிலந்தியைக் கொத்திக்கொண்டு போனது. மரத்திலிருந்து விழுந்த ஓர் எறும்பை ஒரு மீன் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டது.

"பாத்தீங்களா?"

"பாத்தேன். ஆனா எதுவரைக்கும்னு தெரியலையே. இந்தக் குருவி வேற எங்கேயும் போய்த் தின்னலாமே. ஓடை இல்லாட்டி என்ன ஆகும்னு பாத்தாத்தான் தெரியும்."

"எப்படிப் பாப்பீங்க?"

"ஓடையில ஒரு பகுதியை மட்டும் வலை போட்டு மூடலாம். உள்ள இருந்து பூச்சி வெளிய வராது. வெளிய இருந்து இலையும் எறும்பும் உள்ள விழாது. ஒரு சாரல் காலம் போதும்."

ஆவுடையம்மை குனிந்து தண்ணீரில் கையை நனைத்தாள்.

"போடுங்க" என்றாள்.

மாசிலாமணி நகரத்துக்குப் போய் கொசுவலைத் துணி வாங்கிவந்தார். ஓடையின் வளைவிலிருந்து பெரிய பாறை வரைக்கும் கம்பு நட்டு, நீருக்கு ஒரு முழம் மேலே துணியை இழுத்துக் கட்டினார். இளைஞனைப் போல வேலை செய்தார். இரவில் நன்றாகத் தூங்கினார்.

சாரல் தொடங்கியது. மரங்கள் உதிர்த்த இலைகள் வலையின் மேலேயே கிடந்து அழுகின. அடியிலே பூச்சிகள் துணியில் முட்டி முட்டி விழுந்தன. கரைச்செடிகளில் நூல்கள் குறைந்தன. பிறகு ஒரு சிலந்திகூட இல்லை. வலைக்கு அப்பால், மூடாத பகுதியில், சிலந்திகள் எப்போதும்போல இருந்தன.

மாசிலாமணி முகம் மலர வந்தார்.

"நான் நினைச்சபடியே வருது அம்மை. மீனுங்களும் மெலிஞ்சுபோச்சு. கல்லுல இருக்கிற புழுவை எல்லாம் வழிச்சுத் தின்னுருச்சு. கரையில இருந்து விழறது நின்னா தண்ணிக்குள்ளேயும் பட்டினி."

"சந்தோஷமா இருக்கீங்க."

"ஆமா" என்றார். தயங்கிவிட்டு, "வெகுநாளைக்கு அப்புறம்" என்றார்.

ஆவுடையம்மை தலையசைத்தாள்.

கருநீலக் குருவியின் கூடு பெரிய பாறையின் இடுக்கில் இருந்தது. மனிதர் சீட்டியடிப்பதைப் போல, நின்று நின்று, எதையோ யோசித்துப் பாடுகிற குருவி அது. இப்போது அது வலையின் மேல் வந்து உட்கார்ந்து, துணி வழியாகத் தண்ணீரைக் குனிந்து பார்த்தது. அலகால் குத்தியது. ஓடையில் மேலே ஏறிப் போனது. அங்கே இருந்த இன்னொரு ஜோடி அதைத் துரத்திவிட்டது. திரும்பி வந்து மறுபடியும் வலைமேல் உட்கார்ந்தது.

மாசிலாமணி அதைப் பார்த்தார். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு ஆவுடையம்மையிடம் போனார்.

"குருவி கஷ்டப்படுது. குஞ்சு பொரிச்சிருக்கு. வலையை எடுத்துரலாமான்னு இருக்கு."

"எடுக்கணும்னு தோணுதா, என்கிட்ட கேக்கணும்னு தோணுதா?"

அவர் வலையைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்ச நாள் இருந்தா முழுசாத் தெரிஞ்சுரும்" என்றார் பிறகு.

"உங்க இஷ்டம்" என்றாள் ஆவுடையம்மை.

வலை இருந்தது.

ஒரு காலை அவர் பாறையின் மேல் ஏறி இடுக்குக்குள் எட்டிப் பார்த்தார். பாசியில் செய்த கூட்டில் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று தலை சாய்த்துக் கிடந்தன. வாய்கள் திறந்தே இருந்தன. எறும்பு மொய்த்திருந்தது. தாய்க்குருவியைக் காணவில்லை.

அவர் கீழே இறங்கி, அரிவாளை எடுத்துவந்து, கம்பு கம்பாக வெட்டி வலையைச் சாய்த்தார். தேங்கிக் கிடந்த அழுகல் இலை முழுவதும் அவர் மேல் கொட்டியது. துடைத்துக்கொள்ளாமல் ஆவுடையம்மை முன்னால் வந்து நின்றார்.

"ஏன் என்னைத் தடுக்கலை?"

"தடுத்திருக்கணும்" என்றாள் அவள். "உங்க இஷ்டம்னு சொன்னேன். எனக்கும் தெரிஞ்சுக்கற ஆசை இருந்துச்சு."

"நான் கேட்டதே தப்பா அம்மை?"

"நல்ல கேள்விதான். ஆனா ஓடையோட வாயைப் பொத்திட்டு அதுகிட்டயே கேட்டோம்."

அடுப்படியைப் பார்த்துக்கொண்டவர் எசக்கிமுத்து. பிறவியிலேயே கண் தெரியாதவர். விடிகாலையில் எழுந்து, ஆசிரமத்தில் தங்கியிருந்த எல்லோருக்கும் கஞ்சி வைப்பார். சாரல் மாதங்களில் மலைக்கு மேல் மேகம் மூடியே கிடக்கும். முகத்தில் வெயில் படாததால் அவருக்குப் பொழுது தெரியாது. குருவி சீட்டியடித்தால் எழுந்து அடுப்பு மூட்டுவார். வேறு எதுவும் அவருக்கு வேண்டியிருந்ததில்லை.

குருவி போன பிறகு ஒருநாள் நடுச்சாமத்தில் கஞ்சி வைத்துவிட்டு, யாரும் வரவில்லையே என்று உட்கார்ந்திருந்தார். இன்னொரு நாள் வெகுநேரம் பாயிலேயே கிடந்தார். மாசிலாமணி அந்தப் பக்கமாகப் போனபோது காலடி கேட்டு அழைத்தார். அவரை வாத்தியாரய்யா என்றுதான் அழைப்பார்.

"வாத்தியாரய்யா, இன்னும் விடியலையா?"

வெளியே நல்ல வெளிச்சமாக இருந்தது.

மாசிலாமணி அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். வலை போட்டதையும், குருவி வலைமேல் வந்து உட்கார்ந்ததையும், தான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்ததையும், கூட்டில் கண்டதையும் சொன்னார். ஒன்றையும் குறைக்கவில்லை.

எசக்கிமுத்து பாயின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டே கேட்டார்.

"அது ஒருத்தருக்கும் ஒண்ணும் செய்யலையே, வாத்தியாரய்யா."

"செய்யலை."

"நீங்க தேடினது கெடச்சுதா?"

"கெடச்சுது."

"அப்ப சரி" என்றார் எசக்கிமுத்து. சுவரைத் தடவி எழுந்து அடுப்படிக்குப் போனார்.

அதில் கோபம் இல்லை. அதுதான் மாசிலாமணியைத் தின்றது. அன்றிலிருந்து அவர் அடுப்படிப் பக்கம் போவதை விட்டார். கஞ்சியை யாராவது கொண்டுவந்து கொடுத்தால் குடித்தார். விடிகாலைகளில் ஆவுடையம்மையே போய் எசக்கிமுத்துவை எழுப்பினாள்.

அடுத்த சாரலும் வந்தது. ஓடையில் பூச்சிகள் பழையபடி எழும்பின. சிலந்திகள் வந்து நூல் கட்டின. மீன்கள் தேறின. பாறை இடுக்கில் காய்ந்த பாசி மட்டும் கிடந்தது. மாசிலாமணி தினமும் இருட்டோடு எழுந்து ஓடைக்கரையில் காது கொடுத்து நின்றார். தண்ணீரின் சத்தம் கேட்டது. வேறு எதுவும் கேட்கவில்லை.

ஒரு விடிகாலையில் அவர் துணிப்பையோடு ஆவுடையம்மையின் முன்னால் வந்து நின்றார்.

"நான் போறேன் அம்மை."

"எங்க?"

"தெரியலை. இங்க இருக்க எனக்கு யோக்கியதை இல்லை. எல்லாம் திரும்பி வந்துருச்சு, அது மட்டும் வரலை. நான் இங்க நிக்கறதனாலதான் வரலையோன்னுகூடத் தோணுது."

"நீங்க போனா வந்துருமா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"இங்க எதைப் பாத்தாலும் நான் செஞ்சதுதான் தெரியுது. எசக்கிமுத்து முகத்தைப் பாக்க முடியலை."

"அவருக்கு உங்க முகம் தெரியாது" என்றாள் ஆவுடையம்மை. "குரல்தான் தெரியும். அதைத்தான் வெகுநாளாக் காணோம்னு கேட்டுக்கிட்டு இருக்கார்."

மாசிலாமணி பையின் வாரைப் பிடித்தபடியே நின்றார்.

"போகணும்னா போங்க. நான் தடுக்கலை" என்றாள் அவள். சொல்லிவிட்டு, அந்தச் சொல் தன் காதிலேயே விழுந்ததைப் போலச் சற்று நின்றாள். பிறகு குரல் மாறியது. "இல்லை. இந்தத் தடவை தடுக்கிறேன். இருங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

கிழக்கே மேகத்துக்குப் பின்னால் வானம் வெளுத்திருந்தது. மலையில் மரங்கள் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கின.

"எசக்கிமுத்துகிட்டப் போய் விடிஞ்சுருச்சுன்னு சொல்லுங்க."

"நானா?"

"நீங்கதான்."

"இன்னைக்குச் சொல்லிடறேன், அம்மை. ஒருநாள் சொன்னா தீந்துருமா?"

"நாளைக்கும் விடியும்" என்றாள் ஆவுடையம்மை.