இடமில்லாத லேப்டாப்

தவமணி அம்மாவின் ஆசிரமத்தில் ஒரு வழக்கம் இருந்தது. அம்மா பேசிய எதையும் அழிக்கக் கூடாது. அவர் தும்மினால்கூட அது பதிவில் இருக்கும்.

பதிவுகளுக்குப் பொறுப்பு குலசேகரன். சீடர்தான், ஆனால் அம்மாவைவிட வயதில் மூத்தவர். வெள்ளிக்கிழமைதோறும் அம்மா பேசுவார். இவர் முன்வரிசையில் உட்கார்ந்து லேப்டாப்பில் பதிவு செய்வார். தொலைந்துவிடுமோ என்ற பயத்தில் ஒவ்வொன்றையும் அதிலேயே மூன்று இடங்களில் சேமிப்பார்.

அன்று அம்மா வாயைத் திறக்கும் நேரம். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு ‘இடம் இல்லை’ என்று வந்தது.

குலசேகரனுக்கு வேர்த்துவிட்டது.

“அம்மா, கொஞ்சம் பொறுங்க. ஆரம்பிச்சுடாதீங்க. இன்னிக்குப் பேச்சு போயிடும்.”

“எங்கே போகும்?”

கூட்டம் சிரித்தது. குலசேகரன் சிரிக்கவில்லை.

“எத்தனை தடவை சரி பண்றதும்மா? எல்லாத்தையும் துடைச்சு, சாஃப்ட்வேரைப் புதுசாப் போட்டா நல்லா ஓடுது. கொஞ்ச நாள்ல மறுபடியும் ஆமை மாதிரி ஆயிடுது. ஏன்னே புரியலை.”

“துடைச்சப்புறம் என்ன பண்ணுவீங்க?”

“பழைய பதிவெல்லாம் திரும்ப ஏத்திடுவேன்.”

“ஒண்ணு ரெண்டை அழிங்களேன்.”

“ஐயோ! எதைம்மா அழிக்கிறது? முக்கியமானது அதுல இருந்துட்டா?”

“கேட்டுப் பார்த்து முடிவு பண்ணுங்க. நான் காத்திருக்கேன்.”

குலசேகரன் ஒரு பதிவைத் திறந்தார். லேப்டாப் முனகி முனகி அம்மாவின் குரலைக் கொண்டுவந்தது.

“கோபம் வந்தால் முதலில் உங்கள் கைகளைப் பாருங்கள்...”

இது வேண்டும் என்று மூடினார். போன வருடத்துப் பதிவைத் திறந்தார்.

“கோபம் வந்தால் முதலில் உங்கள் கைகளைப் பாருங்கள்...”

பிரதியைத் திறந்துவிட்டோம் போல என்று நினைத்தார். தேதியைப் பார்த்தார். வேறு தேதி.

இன்னொன்று. அதற்கும் முந்தைய வருடத்து ஒன்று. அதே சொற்கள், அதே வரிசை. இருமல் மட்டும் இடம் மாறியிருந்தது.

வாராவாரம் தலையாட்டியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

குலசேகரன் லேப்டாப்பிலிருந்து நிமிர்ந்தார்.

“அம்மா... எல்லாமே ஒரே பேச்சா?”

“ஆமாம்.”

“இத்தனை வருஷமாவா?”

“ஒருத்தராவது கேக்கட்டும், அப்புறம் அடுத்ததைச் சொல்லலாம்னு இருந்தேன்” என்றார் அம்மா.