இருபத்தைந்தாவது பெயர்

"முதல்ல எடத்தப் புடுங்குனாங்க" என்றார் ஏகாம்பரம். "எங்க பாட்டன் பன்னி மேச்ச பொறம்போக்குலதான் இன்னிக்கு பஸ் ஸ்டாண்டு நிக்குது."

பிலோமினா தவிட்டில் தண்ணீர் ஊற்றிக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டாவது, என் மகளப் பள்ளிக்கூடத்துல கடைசி பெஞ்சுல ஒக்கார வச்சாங்க. அவ மேல நாத்தம் வருதாம். சோப்பு போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சுத் தோலு உரிஞ்சுபோச்சு புள்ளைக்கு."

அவள் கலக்கிக்கொண்டே இருந்தாள்.

"மூணாவது, நோட்டீசு இல்லாம நகராட்சி லாரி வந்துச்சு. இருநூத்திப் பத்து பன்னி. ஏன்னு கேட்டேன். பதினோரு நாள் உள்ள வச்சாங்க."

"நாலாவது?"

ஏகாம்பரம் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

இந்த வரிசையை அவர் முப்பது மேடைகளில் சொல்லியிருக்கிறார். துண்டறிக்கையாக அச்சடித்துக் கொடுத்திருக்கிறார். யாராவது மூன்றாவதை இரண்டாவதுக்கு முன்னால் சொல்லிவிட்டால், கையமர்த்திவிட்டு முதலில் இருந்து தொடங்குவார். நான்காவதற்கு வரும்போது மட்டும் குரல் இறங்கிவிடும்.

அப்போது ஏகாம்பரத்தின் சனம் பன்றி வளர்த்த நாலு தெருவிலும், பன்றியை அழைக்க ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கூப்பாடு இருந்தது. காலையில் அவிழ்த்துவிட்ட பன்றி, சாயங்காலம் தன் வீட்டுக் கூப்பாட்டுக்குத்தான் திரும்பும். அடுத்த வீட்டுக்காரன் தொண்டை கிழியக் கத்தினாலும் காதை ஆட்டாது. நகராட்சி ஆட்கள் வலையோடு பத்து நாள் அலைந்து நாலே நாலு பன்றிதான் பிடித்தார்கள்.

பதினோராம் நாள் அந்தத் தெருவில் பிறந்த ஒருவன் லாரியில் ஏறிக்கொண்டான். எல்லா வீட்டிலும் சோறு தின்று வளர்ந்தவன். லாரியின் பின்பலகையில் நின்று, வீடு வீடாக, அந்தந்த வீட்டுக் கூப்பாட்டைக் கூப்பிட்டான்.

பன்றிகள் ஓடி வந்தன. தாமாகவே பலகையில் ஏறின.

ஏகாம்பரத்தின் மனைவி பச்சையம்மாவின் கூப்பாடு மூன்று குட்டை ஓசை, ஒரு நெட்டை. நெட்டையின் முடிவில் விக்கல் எடுத்தது போல ஒரு முறிவு. தன் குரல் லாரியில் இருந்து வருவதை அவள் வாசலில் நின்று கேட்டாள். தன் சினைப்பன்றி தீனியைப் போட்டுவிட்டு ஓடுவதையும் பார்த்தாள்.

அன்றோடு அவள் எதையும் கூப்பிடவில்லை. எட்டு வருடம் முன்னால் இறந்தும் போனாள்.

பத்தொன்பது வருடமாக அவன் பெயரை ஏகாம்பரம் வாயில் எடுத்ததில்லை. துண்டறிக்கையில்கூட 'துரோகி ஒருவன்' என்றுதான் போட்டார்.

அறுபத்தொரு வயதில் அவர் பிலோமினாவிடம் வந்தது ஒரு யோசனை கேட்க. அவளுக்கு முப்பத்தாறு வயது. எட்டாவதோடு படிப்பு நின்றது. இன்று எண்பது தாய்ப்பன்றிகள் வைத்திருக்கிறாள். கொட்டகை போட, தடுப்பூசி போட, வியாபாரி ஏமாற்றாமல் எடை பார்க்க என்று ஆறு ஊர்ச் சனத்துக்குக் கற்றுக்கொடுத்தவள். சுற்றுவட்டாரத்தில் அவளுக்குப் பெயர் 'பன்னி டீச்சர்'. கேலியாகத் தொடங்கியது. இப்போது பஸ் கண்டக்டரும் மரியாதையாகவே சொல்கிறார்.

நாலு தெருவுக்கும் ஊருக்கு வெளியே ரெண்டு ஏக்கர் தருவதாக உத்தரவு வந்திருந்தது. கூட்டுறவுச் சங்கமாகப் பதிந்தால்தான் நிலம். பதிய இருபத்தைந்து பேர் வேண்டும். வெள்ளிக்கிழமை கடைசி நாள். அது தவறினால் தெருவில் திரியும் பன்றி அத்தனையையும் நகராட்சி பிடித்துக்கொண்டு போகும்.

இருபத்து நாலு மனு கையில் இருந்தது. இருபத்தைந்தாவது அன்று காலையில் வந்தது.

அது அவனுடையது.

வேறு ஆள் இல்லையா என்று பிலோமினா கேட்டாள். நாலு தெருவிலும் இன்னும் பன்றி வைத்திருப்பது மொத்தமே இருபத்தைந்து வீடுதான் என்றார். செயலாளர் என்ற முறையில் அவர்தான் ஒவ்வொரு பெயரையும் கூட்டத்தில் அதிகாரி முன்னால் வாசிக்க வேண்டும். ஒருவர் ஆட்சேபம் சொன்னாலும் அந்தப் பெயரை அடித்துவிடுவார்கள்.

சட்டைப் பையில் இருந்து ஒரு தாளை எடுத்தார்.

"ஒண்ணுலேருந்து நாலு வரைக்கும் எழுதிட்டேன். இதப் படிச்சுட்டு ஆட்சேபம்னு சொல்லிரலாம்னு இருக்கேன். சங்கம் போனாலும் போவட்டும். நீங்க என்ன சொல்றீங்க டீச்சர்?"

"கையக் கழுவிட்டு வாங்க பெரியவரே" என்றாள் பிலோமினா.

அன்று விடிகாலையில் ஒன்பதாம் எண் பன்றி ஈன்றுவிட்டு இறந்துபோயிருந்தது. ஆறு குட்டிகள் கூடையில், பல்பு வெளிச்சத்தின் கீழே ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. முந்தின நாள் ஈன்ற பதினேழாம் எண்ணிடம் ஏழு குட்டிகள் இருந்தன.

பதினேழின் குட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து அதே கூடையில் போடச் சொன்னாள். போட்டார். பதினேழின் அடைப்பில் இருந்து ஈர வைக்கோலை அள்ளிப் பதின்மூன்றையும் தேய்க்கச் சொன்னாள்.

தேய்த்தார். சின்ன முதுகுகள். ரோஜா நிறத் தோல். அதில் மகளின் நினைவு வந்து அவர் கை மெதுவானது.

"அழுத்தாதீங்க. நாத்தம் ஒட்டுனாப் போதும்."

"அது கடிக்குமே டீச்சர்."

"கடிச்சுது. போன கார்த்திகைல. மூணு குட்டி செத்துச்சு."

"அப்புறம் ஏன் விக்காம வச்சிருக்கீங்க?"

"பால் அதுகிட்டதான இருக்கு."

ஒரு மணி நேரம் காத்திருந்தார்கள். டீ குடித்தார்கள். ஏகாம்பரம் பழக்க தோஷத்தில் மறுபடி பஸ் ஸ்டாண்டில் இருந்து தொடங்கினார். அவள் தம்ளரைக் கழுவப் போய்விட்டாள்.

குட்டிகளைத் திரும்ப விட்டபோது பதினேழு எழுந்து நின்றது. ஒவ்வொன்றாக மோந்தது. ஏகாம்பரம் தடியை எடுத்தார். பிலோமினா அதை அவர் கையில் இருந்து வாங்கிச் சுவரில் சாய்த்தாள். சுவரோரம் முழங்கால் உயரத்தில் புதிதாக ஒரு இரும்புக் குழாய் ஓடியது. தாய் கடிக்க வந்தாலும் குட்டி அதன் பின்னால் ஒதுங்க இடம். கார்த்திகைக்குப் பிறகு அவள் போட்டது.

பதினேழு உறுமியது. பிறகு பெருமூச்சு விட்டுப் படுத்தது. பதின்மூன்றும் ரெண்டு வரிசையாக முட்டிக்கொண்டு குடித்தன.

"இதுல செத்தவளோட குட்டி எது, பெரியவரே?"

குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார்.

"தெரியல."

"நீங்கதான தூக்கிப் போட்டீங்க."

அவள் வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த அடைப்புக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை கூட்டம் சமுதாயக் கூடத்தில் நடந்தது. கூட்டுறவு அதிகாரி ஒருவர் மின்விசிறிக்கு நேராக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஏகாம்பரம் வாசிக்க வாசிக்க ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். பதினொன்றாம் பெயருக்கு, இவன் பன்னி வச்சிருக்கானா, பன்னி இவன வச்சிருக்கான்னு விசாரிங்க சார் என்று யாரோ சொன்னார்கள். அதிகாரியும் சிரித்துவிட்டார்.

இருபத்து நாலு முடிந்தது.

அவன் வாசற்படிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தான். தலை நரைத்திருந்தது. லாரியில வரலையா என்று ஒரு குரல் கேட்டது. யாரும் சிரிக்கவில்லை.

எந்த வாயை வைத்துக்கொண்டு வந்தாய் என்று அஞ்சலைக் கிழவி கேட்டாள்.

"அதே வாயோடதான் வந்திருக்கேன் பெரியம்மா" என்றான் அவன்.

மன்னிப்புக் கேட்க வரவில்லை, அது கேட்டு முடிகிற காரியமில்லை என்றான். ரெண்டு ஏக்கரில் மேயவிட்டால் சாயங்காலம் கூப்பிட்டுக் கொட்டகையில் அடைக்க வேண்டும். இன்று பிள்ளைகள் தட்டைத் தட்டுகிறார்கள். எல்லாப் பன்றியும் எல்லாத் தட்டுக்கும் ஓடுகிறது. தெருவே பயந்து கூப்பாட்டை விட்டுவிட்டது. தெரிந்தவர்கள் பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

"அத்தன வீட்டுதும் எங்கிட்டதான் இருக்கு. அத வச்சுக்கிட்டே செத்துப்போறதுக்கு மனசில்ல."

"எங்க, எங்க வீட்டுது?" என்றாள் அஞ்சலை, சவால்போல.

கூப்பிட்டான். கிழவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அது அவள் மாமியாரின் குரல்.

இன்னொருவர் கேட்டார். இன்னொருவர். அவன் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டான். பிறகு ஏகாம்பரத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். அந்த வீட்டுக் கூப்பாட்டைக் கேட்கும் துணிச்சல் கூடத்தில் யாருக்கும் இல்லை.

"எங்க வீட்டுது" என்றார் ஏகாம்பரம்.

மூன்று குட்டை. ஒரு நெட்டை. முடிவில், விக்கல் எடுத்தது போல ஒரு முறிவு.

ஏகாம்பரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

இன்னும் ஒரு மனு இருக்கிறதே, வாசிக்கிறீர்களா, இல்லை ஆட்சேபமா என்று அதிகாரி கேட்டார்.

ஏகாம்பரம் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். தாள் இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. வரிசை மாறவில்லை. எதுவும் அழிந்துபோகவும் இல்லை. பையில் இருந்து கையை எடுத்து, மேசையில் கிடந்த மனுவைத் தூக்கிக் கண்ணாடிக்கு நேராகப் பிடித்தார்.

கடைசி வரிசைக்கும் கேட்கும்படி, மேடையில் பேசும் குரலில் வாசித்தார்.

"இருபத்தஞ்சு. சடையன் மகன் தனகோட்டி."