மண்புழு வழியில் வந்து கிடப்பது ஏன்?

அந்தக் காலத்தில் புழு பூச்சிகளுக்கும் பேச்சு உண்டு. அவற்றில் மண்புழுவின் குரல்தான் மிக இனிமையாக இருக்குமாம்.

மேலூருக்கும் கீழூருக்கும் நடுவே ஆற்றங்கரைமேல் ஒரு மண்பாதை இருந்தது. வேறு வழி கிடையாது. அந்தப் பாதைக்கு அடியில் ஒரு மண்புழு குடியிருந்தது. மழைக்காலத்தில் ஆறு எவ்வளவு ஏறியிருக்கிறது என்பது எல்லார் கண்ணுக்கும் தெரியும். கரைக்குள்ளே எவ்வளவு தண்ணீர் ஊறியிருக்கிறது, பாதை ஆளைத் தாங்குமா என்பது மண்புழுவுக்குத்தான் தெரியும். கரை இளகினால் அது குரல் கொடுக்கும். ஊரார் நின்றுவிடுவார்கள். குரல் வராவிட்டால் பயமில்லாமல் நடப்பார்கள்.

ஓர் ஐப்பசியில் மண்புழு, "வராதீங்க, கரை இளகுது" என்று கத்தியது. சந்தைக்குக் கட்டி வைத்திருந்த வெற்றிலையெல்லாம் மேலூரிலேயே அழுகியது. ஆனால் மழை வெறித்து ஓய்ந்துவிட்டது. கரை உடையவில்லை.

"உன் பேச்சைக் கேட்டு எங்க பொழப்பு போச்சு. இனிமே உறுதியாத் தெரிஞ்சா மட்டும் வாயைத் தொற" என்று வெற்றிலைக் கொடிக்கால்காரர்கள் ஏசினார்கள். மண்புழு குன்றிப்போனது.

மேலூர் வேலாத்தா மட்டும் குனிந்து, "அவங்க கெடக்கறாங்க கண்ணு. நீ சொன்னா நான் நின்னுக்குவேன்" என்றாள்.

கார்த்திகையில் மறுபடி அடைமழை பிடித்தது. கீழூரில் வாழ்க்கைப்பட்டிருந்த வேலாத்தாவின் மகள் நல்லம்மாளுக்குப் பிரசவ வலி கண்டுவிட்டது என்று சேதி வந்தது. "மாட்டை அவிழ்த்து மேட்டுல கட்டிட்டு வாங்க, நான் முன்னால போறேன்" என்று கணவன் நாச்சப்பனிடம் சொல்லிவிட்டு, சாக்கை முக்காடாகப் போட்டுக்கொண்டு அவள் ஓடினாள். பாதை தொடங்கும் இடத்தில் நின்றாள்.

"போலாமா கண்ணு? புள்ள அங்க தவிச்சுக்கிட்டிருக்கா."

கீழே மண் கூழாகியிருந்தது. மண்புழுவுக்கு அது தெரிந்தது. சொல்ல வாயெடுத்தது. ஆனால் ஏச்சு இன்னும் காதில் நின்றது. 'போன தடவையும் இப்படித்தானே இருந்தது? இன்னும் கொஞ்சம் கீழே போய்ப் பார்த்துவிட்டுச் சொல்லலாம்' என்று இறங்கியது.

வேலாத்தா காத்து நின்றாள். குரல் வரவில்லை. நடந்தாள்.

மண்புழு பார்த்துவிட்டு மேலேறுவதற்குள் கரை அப்படியே ஆற்றுக்குள் சரிந்தது.

பின்னால் வந்த நாச்சப்பன் உடைப்பின் ஓரத்தில் நின்றான். செந்தண்ணீரில் ஒரு சாக்கு சுழன்றுகொண்டு போவதைப் பார்த்தான்.

"உனக்குத் தெரியலையா?" என்று மண்புழுவிடம் கேட்டான்.

"தெரிஞ்சுது. உறுதியாத் தெரியட்டும்னு இருந்துட்டேன்."

நாச்சப்பன் ஏசவில்லை. ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டான். அவன் ஏசியிருந்தால்கூட மண்புழு தாங்கியிருக்கும்.

கீழூரில் பெண் குழந்தை பிறந்தது. "அம்மா இன்னும் வரலையா?" என்று நல்லம்மாள் வாசலையே பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மண்புழு உடைந்த கரைக்குள் இருந்துகொண்டு, "வேலாத்தா, நில்லு! வேலாத்தா, நில்லு!" என்று கத்தியது. மழைக்காலம் முடிகிறவரை கத்தியது. கத்திக் கத்தி அதன் குரல் தேய்ந்து, ஒருநாள் அடியோடு நின்றுபோனது.

அன்று தொடங்கியதுதான் இது. பெருமழை பெய்தால் போதும், கரை உடையுமா உடையாதா என்று மண்புழு பார்த்துக்கொண்டிருப்பதில்லை. சொல்லக் குரல் இல்லாததால், உடம்போடு மேலேறி வந்து நாம் நடக்கிற வழியில் குறுக்கே கிடக்கிறது. மைனா கொத்தினாலும், வெயில் வந்து காய்ந்தாலும், நம் காலிலேயே மிதிபட்டாலும் அது திரும்பிப் போவதில்லை.