மேலக்கானத்தில் எஞ்சின் ஓடிய நாள்

மேலக்கானம் மலைமேல் நாற்பத்திரண்டு வீடுகள். சர்க்காரின் மின்கம்பி அந்த மலை ஏறவில்லை. ஊரார் தாங்களே சங்கம் சேர்த்து, சோலார் தகடுகளைத் தலைச்சுமையாக மேலே கொண்டுவந்து, தங்களுக்கான மின்சாரத்தைத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள்.

அந்த மின்நிலையத்தைப் பார்த்துக்கொண்டவள் மரகதம். வயது முப்பத்து நான்கு. அவளுக்கு ஒரு சீடர் உண்டு. பெயர் சவரிராயன், வயது அறுபத்திரண்டு. கீழே பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் இயற்பியல் நடத்தியவர். ஆனால் மின்சாரம் ஓடும் ஒரு கம்பியில் கைவைத்து வேலை பார்த்ததில்லை. அதைக் கற்றுக்கொள்ளத்தான் மலை ஏறி வந்தார். அவர் அவளை ‘அம்மா’ என்பார். அவள் அவரை ‘சார்’ என்பாள்.

சித்திரை முதல் நாள் ஊர்கூடி ஒரு சொல் சொல்லியிருந்தது. அடுத்த சித்திரைவரை பழைய டீசல் எஞ்சினைத் தொடுவதில்லை, வெயில் கொடுப்பதை வைத்தே வாழ்வது என்று. எஞ்சின் கொட்டகைக்குள் சும்மா கிடந்தது. இருநூற்று முப்பது நாள் கடந்துவிட்டது.

கார்த்திகையில் அடைமழை பிடித்தது. நான்கு நாள் சூரியனே இல்லை. நான்காம் நாள் காலை பேட்டரியில் ஐந்தில் ஒரு பங்குதான் மிச்சம்.

ஊரில் ஒரு வீட்டில் மட்டும் மின்சாரம் நிற்கக் கூடாது. குப்பாண்டியின் வீடு அது. அவர் நுரையீரல் கெட்டவர். ஆக்சிஜன் மெஷின் ஓடினால்தான் அவருக்கு மூச்சு.

சவரிராயன் தாளில் கணக்குப் போட்டார். மற்ற வீடுகள் எல்லாவற்றையும் நிறுத்தினால், அந்த ஒரு மெஷினுக்கு நாளை மறுநாள்வரை தாங்கும்.

மரகதம் மழையில் வீடு வீடாகப் போய் விஷயத்தைச் சொன்னாள். யாரும் மறுக்கவில்லை. ஒருத்தி மட்டும் கிரைண்டரில் பாதி அரைபட்ட மாவைப் பார்த்துக் கொஞ்சம் முணுமுணுத்தாள். பிறகு அவளும் சுவிட்சை அணைத்துவிட்டு ஆட்டுக்கல்லைக் கழுவினாள்.

மதியம் சவரிராயன் மீட்டரைப் பார்த்தார். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

“அம்மா, நான் போட்ட கணக்கைவிட மெதுவாக இறங்குகிறது. இப்படியே போனால் ஒரு வாரம்கூடத் தாங்கும்.”

மரகதம் மீட்டரைப் பார்க்கவில்லை. எந்த வீடு எவ்வளவு இழுக்கிறது என்று காட்டும் பலகையைப் பார்த்தாள். குப்பாண்டி வீட்டுக்கு நேராகப் பூஜ்யம் இருந்தது.

குடைகூட எடுக்காமல் ஓடினாள். சவரிராயனும் பின்னாலேயே ஓடினார்.

குப்பாண்டி சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. பிடுங்கிய பிளக் அவர் கையில் இருந்தது. மனைவி நாச்சாத்தாள் விறகுக்குப் போயிருந்தாள்.

மரகதம் பிளக்கை வாங்கிச் சொருகினாள். குழாயை அவர் மூக்கில் வைத்தாள். மூச்சு சீராகும்வரை முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். வெகுநேரம் ஆனது. நிறம் திரும்பியதும், அவரைப் பார்த்துக்கொள்ளும்படி சவரிராயனிடம் சொல்லிவிட்டு எழுந்து வெளியே போனாள்.

சற்றைக்கெல்லாம் எஞ்சின் சத்தம் கேட்டது. மலை முழுக்கக் கேட்டது. ஒவ்வொரு வீடாக விளக்கு எரிந்தது.

சவரிராயனுக்கு மனம் உடைந்தது. அவள் நனைந்த சேலையைப் பிழிந்தபடி வாசலுக்கு வந்ததும் எழுந்துபோய்த் தாழ்ந்த குரலில் கேட்டார்.

“ஏனம்மா? பேட்டரி நாளை மறுநாள்வரை தாங்குமே.”

“பேட்டரி தாங்கும் சார். அவர் தாங்க மாட்டாரு. தனக்காக ஊரே இருட்டுல கெடக்குதுன்னு நெனச்சா, நாம அந்தப் பக்கம் திரும்பினதும் மறுபடி பிடுங்கிருவாரு.”

“அப்படியானால் ஊர் சொன்ன சொல்? இருநூற்று முப்பது நாள் காப்பாற்றினோமே. சொன்ன சொல்லைவிட ஒரு உயிர் பெரிது என்றால், நாம் ஏன் சொல்ல வேண்டும்?”

மரகதம் அவரை உள்ளே அழைத்துப் போய்க் குப்பாண்டியின் பக்கத்தில் உட்காரவைத்து, தானும் உட்கார்ந்தாள்.

குப்பாண்டி எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். சோலார் வருவதற்கு முன் இருபது வருடம் அந்த எஞ்சினை ஓட்டியவர் அவர்தான். ஜன்னல் இல்லாத கொட்டகையில், தினமும் அந்தப் புகைக்குள்ளேயே நின்றவர். அவர் கண்ணில் நீர் வழிந்தது.

“ஒத்தை ஆளுக்காக ஊர் சொல்லைக் கெடுத்துப்புட்டனே, மரகதம்.”

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“உங்க மூச்சு கெட்டதைப் பார்த்துத்தானே மாமா, ஊரு அந்தச் சொல்லையே சொல்லுச்சு.”

சவரிராயன் எழுந்து போய், கொட்டகைப் புகை உள்ளே வந்துகொண்டிருந்த ஜன்னலைச் சத்தமில்லாமல் சாத்தினார்.