மாசானத்தின் தண்டனை எப்போது முடிந்தது?

சங்கதி சின்னதுதான். ஆனால் கேட்டு முடித்ததும் ஆளுக்கொரு பக்கம் சாய்வீர்கள், பாருங்கள்.

மாசானம் என்று ஒருவன். மடைத் தண்ணீரை யார் முதலில் திருப்புவது என்ற தகராறில், ஆத்திரத்தில் மண்வெட்டியால் அடித்து ஆவுடையப்பனைக் கொன்றுவிட்டான். ஆயுள் தண்டனை. சிறையில் ரொட்டி சுடக் கற்றான், எந்த வம்புக்கும் போகவில்லை. நன்னடத்தை பார்த்துப் பதினான்கு வருஷத்தில் விட்டுவிட்டார்கள்.

ஊருக்கு வந்தால் வா என்று சொல்ல நாதியில்லை. பெண்டாட்டி எப்போதோ வேறு வாழ்க்கை தேடிப் போய்விட்டாள். அக்காவோ, மகள் கல்யாணம் நின்றுவிடும் என்று கதவைச் சாத்திக்கொண்டாள். அவளைக் குறை சொல்லவும் முடியாது. டீக்கடையில் அவன் உட்கார்ந்தால் அந்த பெஞ்சே காலியாகிவிடும். சிறையிலாவது பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் இருந்தது, பாவம்.

கடைசியில் ஆவுடையப்பன் வீட்டு வாசலில் போய் நின்றான். பிள்ளைகுட்டி இல்லாத அவர் மனைவி கோமதி அங்கே தனியாக இருந்தாள். காலில் விழப் போனவனை விட்டு விலகிக்கொண்டாள்.

"நீ ஜெயில்ல கெடந்தது சர்க்காருக்கு. எனக்கு என்ன செஞ்ச?"

"என்ன செய்யணும்னு சொல்லுங்கம்மா, செய்றேன்."

"அவரு வயலுக்குத் தண்ணி பாய்ச்ச ஆளில்ல. நீ பாய்ச்சு, சோறு போடுதேன். ஆனா எங்கூட ஒரு வார்த்தை பேசக் கூடாது."

அப்படியே நடந்தது. சோற்றை வரப்பில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவாள். இரண்டு அறுப்பு முடிந்தும் பேச்சில்லை. அவன் கொக்குகளோடு பேசிக்கொண்டு கிடந்தான்.

அவனைச் சிறையில் பார்த்துக்கொண்ட காவலர் அருளப்பன், ஓய்வு பெற்றதும் தேடி வந்தார். டவுன் பேக்கரியில் அவனுக்கு வேலை சொல்லி வைத்திருந்தார், தங்க இடமும் உண்டு. சேற்றில் நின்றவனைப் பார்த்ததும் கொதித்துப்போனார்.

"ஏலே, கோர்ட்டு போட்ட தண்டனைய முடிச்சாச்சு. அதுக்கு மேல ஒரு நாள் கேக்க யாருக்கும் உரிமை இல்ல. திருந்தினவன் பிழைக்க வேண்டாமா? கெளம்பு!"

கோமதி கேட்டுக்கொண்டுதான் நின்றாள். தடுக்கவில்லை. மாசானம் கால் கழுவிவிட்டு அவள் எதிரில் வந்தான். முதல் தடவையாகப் பேச்சை மீறினான்.

"போறேம்மா."

அவளுக்குச் சுருக்கென்றது. "போறேன்னு சொல்லாத. போயிட்டு வாரேன்னு சொல்லு."

இப்போது சொல்லுங்கள்: அருளப்பன் செய்தது சரியா, கோமதி செய்தது சரியா? அவள் வாயில் வந்தது மன்னிப்பா, தண்டனையா?

விடை: அருளப்பனைத் தப்பு சொல்ல எனக்கு வாய் வராது. தொழில் கற்றவனைச் சேற்றில் விடுவது அநியாயம்தான். ஆனால் என் ஓட்டு கோமதிக்கு. அவள் மன்னிக்கவில்லை; புருஷனைக் கொன்றவனை எப்படி மன்னிப்பாள்? வீட்டை விட்டுக் கிளம்பும் மனுஷனுக்கு எல்லோரும் சொல்வதைச் சொன்னாள், அவ்வளவுதான். அவன் யார் என்பதே அந்த நொடி அவளுக்கு மறந்துபோயிருந்தது. தண்டனை முடிந்தது அங்கேதான். மாசானம் "போயிட்டு வாரேம்மா" என்றான். சொல்லும்போதே அழுதுவிட்டான்.